அரியணைக்கென்று வளர்க்கப்படாத பிள்ளை: கண்டியின் கடைசி மன்னன் உருவான கதை

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட, பிரித்தானியரும் கண்டிப் பிரபுக்களும் செய்த உடன்படிக்கை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசுரிமையைப் பறித்தது. அதன் இரண்டாம் பிரிவு ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைச் செய்கிறது. மன்னனுக்குரிய தலையாய கடமைகளை இடைவிடாமல் மீறியதால் அவர் உரிமையை இழந்தார் என்கிறது. அடுத்த வரியிலேயே, மலபார் குலத்தாருக்கு, அதாவது தென்னிந்தியாவிலிருந்து வந்த அவருடைய நாயக்க வழியினருக்கு, கண்டி நாட்டின் மீது இனி எந்த உரிமையும் இல்லை என்று முடித்துவிடுகிறது. முதல் குற்றச்சாட்டு அவர் செய்ததைப் பற்றியது. இரண்டாவது அவர் பிறந்த குடியைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய முடிச்சை இன்றுவரை யாரும் சரியாக அவிழ்க்கவில்லை.

தமிழ்நாட்டில் அவரைப் பற்றிப் பேசுவோர் இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். சிங்களக் கதைமரபில் பிள்ளைகளின் தலையை வெட்டவைத்த அரக்கனாக நிற்கிறார். புகழ்வோரும் பழிப்போரும் அந்தக் கொலைகள் நடந்த 1814க்கு நேராக ஓடிவிடுகிறார்கள். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் பின்னாளில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆன கண்ணுசாமி என்ற பதினெட்டு வயது இளைஞன் எப்படி அந்த அரியணையில் வந்து உட்கார்ந்தான், உட்கார்ந்த முதல் ஐந்தாண்டுகளில் என்ன கற்றுக்கொண்டான் என்ற கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய ஆட்சி எப்படி முடியப்போகிறது என்பதில் பாதி அந்தத் தேர்விலேயே முடிவாகிவிட்டது என்பது என் கணிப்பு.

முதலில் ஒரு பழைய கேள்வி. சிங்கள பௌத்த நாடான கண்டிக்கு மதுரை நாயக்கர் வழிவந்தவர்கள் எப்படி மன்னரானார்கள்?

கண்டியின் பிரபுக்கள் எவ்வளவு பெரியவர்களானாலும் அரச குலத்தார் ஆக முடியாது. மன்னன் சூரிய வம்சத்துச் சத்திரியனாக இருக்க வேண்டும், பட்டத்தரசியும் அப்படியே இருக்க வேண்டும் என்பது மரபு. அப்படிப்பட்ட பெண்ணைத் தேடி மதுரைக்கு ஆள் அனுப்புவது பதினேழாம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளை இல்லாமல் இறந்தபோது அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அவரும் வாரிசின்றி 1747இல் இறக்க, அவருடைய மனைவியின் தம்பி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் வந்தார். 1782இல் கீர்த்தி ஸ்ரீயின் தம்பி ராஜாதி ராஜசிங்கன். ஒவ்வொரு முறையும் மைத்துனர் வழியிலும் தம்பி வழியிலும் கிரீடம் கைமாறியது. எந்த மன்னனுக்கும் வயதுவந்த மகன் தயாராக நிற்கவில்லை.

பிரபுக்கள் இதை ஏற்றுக்கொண்டதற்கு மரபு மட்டும் காரணமல்ல. தங்களுக்குச் சமமான இன்னொரு குடும்பம் அரியணை ஏறுவதைவிட, உள்ளூரில் வேரில்லாத வெளியாள் ஒருவர் அங்கே இருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வசதி. வெளியாளுக்கு நிலமில்லை, ஊரில்லை, பரம்பரைக் குடிபடை இல்லை. இன்னொன்றும் உண்டு. 1730களில் மதுரை நாயக்கர் ஆட்சியே முடிந்துபோயிற்று. அதன் பிறகு கண்டிக்குப் பெண்ணும் பிள்ளையும் கொடுத்த குடும்பங்களிடம் குலப்பெயர் இருந்தது. ஆபத்தில் ஓடிவந்து நிற்க ஒரு படை இல்லை. கண்டியில் அவர்களுக்கென்று ஒதுக்கிய தெருவில், மன்னனின் தயவிலும் வணிகத்திலும் அவர்கள் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட சொந்தபந்தம் மன்னனுக்குப் பலமா சுமையா என்பது அந்தந்த மன்னனின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

சாமர்த்தியத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு கீர்த்தி ஸ்ரீ. சிறுவயதிலேயே கண்டிக்கு வந்து, அரசவையிலும் விகாரையிலும் வளர்ந்தவர். முடிசூடும்போது பையன்தான். ஆனால் அதற்கு முன்பே அந்த நாட்டின் மொழி, சடங்கு, பிக்குகளின் மரியாதை, பிரபுக்களின் உட்பகை எல்லாம் அவருக்குப் பழக்கமாகியிருந்தன. 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் உயர்நிலைத் துறவறச் சடங்கை மீட்டுக் கொடுத்தார். பௌத்த சங்கம் அவருக்குக் கடன்பட்டது.

அவரையும் விட்டுவைக்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசுகிற இந்த மன்னன் எப்படி எங்கள் மதத்தைக் காப்பான் என்று முணுமுணுத்தவர்கள் 1760இல் அவரைக் கொன்றுவிட்டுச் சீயத்து இளவரசர் ஒருவரை அரியணை ஏற்றச் சதி செய்தார்கள். சதியில் பெரிய பிரபுக்களும் இருந்தார்கள், பெரிய பிக்குகளும் இருந்தார்கள். மன்னனே மதித்த வெலிவிட்ட சரணங்கர தேரரின் பெயரும் அடிபட்டது. கீர்த்தி ஸ்ரீ என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரபுக்களில் தலைமை ஏற்றவர்களைக் கொன்றார். சீய இளவரசரை நாட்டைவிட்டு அனுப்பினார். சரணங்கரரைக் காவலில் வைத்து, பிறகு விடுவித்து, பழைய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார். விகாரைகளுக்குக் கொடுத்த மானியத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. அடுத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்டார். எங்கே வெட்ட வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும் என்ற இந்த அளவு எவருக்கும் பிறவியிலேயே வந்துவிடாது. வருடக்கணக்கில் அரசவையின் ஓரத்தில் நின்று பார்த்தவனுக்கு வருவது.

ராஜாதி ராஜசிங்கன் அண்ணனைப் போல அரசியல்வாதி அல்லர், படிப்பாளி. பாலியும் சிங்களமும் கற்று, சிங்களத்தில் காவியம் பாடும் அளவுக்குத் தேர்ந்தவர். அந்தப் புலமையும் ஒரு வகைக் கவசம்தான். தங்கள் மொழியில் தங்களைவிட நன்றாகப் பாடுகிற மன்னனை அந்நியன் என்று சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும். ஆனால் அவர் ஒரு பெரிய கடமையை விட்டுவிட்டார். யாரையும் வாரிசாக அறிவிக்காமல், யாரையும் அதற்கென்று பழக்காமல், 1798 ஜூலையில் இறந்துபோனார்.

இங்கேதான் கண்ணுசாமி வருகிறார். 1780இல் பிறந்தவர்; இறந்த மன்னனுக்கு மனைவி வழி உறவு. அரியணைக்கு அருகே நின்றவர் அவர் மட்டுமல்லர். அரசியின் சகோதரர் முத்துசாமி என்பவருக்கும் உரிமை உண்டு. கண்டி வழக்கப்படி பார்த்தால் மைத்துனரான அவருடைய கைதான் ஓங்கியிருந்தது. தேர்வைச் செய்தவர் முதல் அதிகாராக இருந்த பிலிமத்தலாவை. அதிகார் என்பவர் தலைமை அமைச்சரும் நீதிபதியும் படைத்தலைவரும் ஒருங்கே ஆனவர். மன்னன் இறந்து அடுத்தவர் முடிசூடும் வரையான இடைவெளியில் அவர் கையில்தான் நாடு.

பிலிமத்தலாவைக்கு அரியணை மேல் சொந்த ஆசை இருந்தது. தன் குடும்பத்துக்குப் பழைய அரச வம்சத்தோடு உறவுண்டு என்று சொல்லிக்கொண்டவர். நேராகத் தானே ஏறினால் மற்றப் பிரபுக்கள் விடமாட்டார்கள். ஆகவே, வேண்டும்போது இறக்கிவிடக்கூடிய ஒருவரை முதலில் ஏற்றுவது என்று திட்டமிட்டார். முத்துசாமி விவரம் தெரிந்தவர், ஆள்பலம் உள்ளவர் என்பதாலேயே தள்ளப்பட்டார். கண்ணுசாமி இளையவர், கட்சி இல்லாதவர் என்பதாலேயே எடுக்கப்பட்டார். பையன் உண்மையில் பிலிமத்தலாவைக்கே பிறந்தவன் என்று ஒரு வதந்தியும் உலவியது. அது உண்மையோ பொய்யோ, அரியணையில் இருப்பவன் அதிகாரின் கைப்பிள்ளை என்று ஊர் எவ்வளவு திடமாக நம்பியது என்பதற்கு அந்த வதந்தியே சாட்சி.

யோசித்துப் பார்த்தால் இது வினோதமான நியமனம். ஒருவரை ஒரு வேலைக்கு எடுக்கும்போது அந்த வேலைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே தகுதியின்மையே தகுதி. அரசவைப் பழக்கம் இல்லாதது, பிக்குகளிடம் செல்வாக்கு இல்லாதது, பிரபுக் குடும்பங்களில் நண்பர் இல்லாதது எல்லாம் அவரைத் தேர்ந்தெடுத்தவர் கண்ணில் நல்ல குணங்கள். அவர் எதில் குறைந்திருந்தாரோ அதற்காகவே முடிசூட்டப்பட்டார். பின்னாளில் அதே குறைகளைக் காட்டித்தான் அவரை இறக்கினார்கள்.

அந்த ஆண்டிலேயே கொழும்பில் இன்னொரு புதிய ஆட்டக்காரர் வந்து இறங்கினார். பிரித்தானிய முடியின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிரித்தானியர் பிடித்துவிட்டார்கள். 1766 உடன்படிக்கையிலேயே கண்டி தன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்திருந்தது. உப்புக்குக்கூட வெளியாரை நம்ப வேண்டிய நிலை. ஒரு வெள்ளைக்காரனுக்கு எதிராக இன்னொரு வெள்ளைக்காரனை அழைப்பது கண்டி மன்னர்களின் நூற்றாண்டுக் கால உத்தி. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் வந்தார்கள், ஒல்லாந்தருக்கு எதிராகப் பிரித்தானியரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது தீவைச் சுற்றி ஒரே ஒரு வல்லரசு. கூப்பிட வேறு ஆளில்லை. நியாயமாகப் பேசினால், கீர்த்தி ஸ்ரீயே திரும்பி வந்திருந்தாலும் இந்த நிலையைச் சமாளித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கண்ணுசாமியின் தோல்வி முழுவதையும் அவருடைய வளர்ப்பின் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் இக்கட்டான நேரத்தில் ஒரு நாடு உள்ளுக்குள் ஒன்றாக நிற்குமா உடையுமா என்பது மன்னனின் கையில் ஓரளவு இருக்கிறது. அங்கேதான் அவர் தவறினார்.

1799இல் பிலிமத்தலாவை எல்லைக்கு இறங்கி வந்து அவிசாவளையில் நோர்த்தைச் சந்தித்தார். மன்னனை நீக்கிவிட்டுத் தன்னை ஆளவிட வேண்டும் என்பதே பேரத்தின் சாரம். நோர்த்துக்குக் கொலையில் கைநனைக்க மனமில்லை. ஆனால் தன் படையைக் கண்டியில் நிறுத்தி, இந்திய சமஸ்தானங்களைப் போல அதையும் கட்டுக்குள் கொண்டுவர ஆசை இருந்தது. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1800இல் தூது என்ற பெயரில் படையோடு ஜெனரல் மக்டோவல் கிளம்பினார். மலைப்பாதையும் மழையும் அந்தத் தூதைக் கேலிக்கூத்தாக்கிவிட்டன. இத்தனையும் மன்னனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தன்னை அரியணையில் ஏற்றியவர் தன்னை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை இருபது வயதில் அறிந்துகொண்ட ஒருவர் அதன் பிறகு யாரை நம்புவார்?

1802இல் புத்தளம் பக்கத்து வணிகர்களின் பாக்கு மூட்டைகள் கண்டி எல்லைக்குள் பறிக்கப்பட்டன. நட்டஈடு கேட்டு, கிடைக்காமல், 1803 தொடக்கத்தில் நோர்த் போர் தொடுத்தார். கொழும்பிலிருந்து மக்டோவலும் திருகோணமலையிலிருந்து கேர்ணல் பார்பட்டும் படையோடு ஏறினார்கள். பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் காலி. அரண்மனையின் சில பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. மன்னன் ஹங்குரங்கெத்தைப் பக்கம் போய்விட்டார்.

வெறும் நகரத்தில் பிரித்தானியர் முத்துசாமியைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். அவர் பெயரில் ஆணை போட்டால் கேட்க ஒரு குடிகூட வரவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் கண்ணுசாமியைப் பொம்மை என்றவர்கள் இப்போது நிஜமான பொம்மையைப் பார்த்தார்கள். பிலிமத்தலாவையோ இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார். மன்னனைப் பிடித்துத் தருகிறேன், முத்துசாமியை ஒதுக்கிவிடுங்கள், கண்டியை நான் ஆள்கிறேன் என்று மக்டோவலிடம் ஒப்பந்தம். மறுபுறம் காட்டிலிருந்து படையைத் திரட்டும் வேலையும் அவருடையதே.

மழை தொடங்கியது. காய்ச்சல் தொடங்கியது. மேஜர் டேவியின் பொறுப்பில் விடப்பட்ட காவற்படை மருத்துவமனையாக மாறியது. ஜூன் 24 அன்று கண்டியர் தாக்க, டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போக விடுவதாகப் பேச்சு. மகாவலிக் கரையில் வட்டபுளுவ என்ற இடத்தில் ஆறு பெருகிக் கிடந்தது, தெப்பம் இல்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் தெப்பம் தருகிறோம் என்று செய்தி வந்தது. டேவி முதலில் மறுத்தார், பிறகு கொடுத்துவிட்டார். முத்துசாமி உடனே கொல்லப்பட்டார். தெப்பமும் வரவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்த வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டிரண்டு பேராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டார்கள். டேவி உயிர்தப்பி, பல ஆண்டுகள் கண்டியில் கைதியாகவே இருந்து செத்தார்.

இருபத்துமூன்று வயது மன்னனுக்கு இந்த ஆறு மாதம் தந்த பாடத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒன்று, வெள்ளைக்காரனைக் காடும் காய்ச்சலும் பார்த்துக்கொள்ளும்; நாம் ஒதுங்கி நின்றால் போதும். இரண்டு, போட்டியாளன் உயிரோடு இருக்கும்வரை ஆபத்து; அவன் செத்த மறுகணம் பிரச்சினை தீர்ந்தது. மூன்று, கூட இருப்பவர்களில் மிகப் பெரியவனே மிகப் பெரிய துரோகி. மூன்றும் 1803இல் உண்மைதான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அவையே உண்மை என்று நம்பியதுதான் அவரைக் கவிழ்த்தது.

நான்காவது பாடத்தை அவர் கற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வெற்றி மயக்கத்தில் தானே படை நடத்திச் சமவெளிக்கு இறங்கி பிரித்தானியரின் ஹங்வெல்லைக் கோட்டையைத் தாக்கினார். சிறிய காவற்படைதான், ஆனாலும் பீரங்கிக்கு முன் கண்டிப்படை நிற்க முடியவில்லை. தோற்றுத் திரும்பிய மன்னன் தன் தளபதி ஒருவரின் தலையை வாங்கினார். தோல்விக்கு உடனடியாக ஒரு பலி. பின்னாளில் பழக்கமாகிவிட்ட ஒன்றின் முதல் அறிகுறி இங்கே தெரிகிறது.

அடுத்து வந்த ஆளுநர் மெயிட்லண்ட் போரை விரும்பாதவர். 1805 முதல் 1811 வரை எல்லையில் பெரிய சண்டை இல்லை. மன்னன் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்ட காலம் இது. கண்டி நகரம் இன்று இருக்கும் அழகில் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில் வந்தது. புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையின் முகப்பில் இருக்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, தேவேந்திர மூலாச்சாரி என்ற கட்டடக் கலைஞர் கைவண்ணம். அதன் முன்னால் வயல்வெளியை அணைகட்டி நிரப்பிய ஏரிக்குக் கிரிமுகுத, அதாவது பாற்கடல், என்று பெயர். கரையோரமாக மேகம் போன்ற வளைவுகள் கொண்ட மதில். ஆட்சி கவிழ்ந்தபோது அந்த மதில் முடிந்திருக்கவில்லை. இன்றும் அப்படியே நிற்கிறது.

பாற்கடலுக்கு மண் சுமந்தவர்கள் கூலியாட்கள் அல்லர். ராஜகாரியம் என்ற முறைப்படி, நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மன்னனுக்கு இத்தனை நாள் உழைக்க வேண்டும். அந்த உழைப்பைத் திரட்டிக் கொடுப்பவர்கள் திசாவைகள் என்னும் மாகாணத் தலைவர்கள். போருக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் ஆள் கேட்டால் மறுக்க வழியில்லை. நகரத்தை அலங்கரிக்கக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்தார்கள். எதிர்த்தவர்களை ஏரிப்படுகையிலேயே கழுவேற்றினார் என்று ஒரு கதை கண்டியில் வழங்குகிறது. கதை எவ்வளவு மிகையானாலும் வேலை நிற்கவில்லை, முணுமுணுப்பும் நிற்கவில்லை. இந்தக் கட்டட வெறியில் எனக்குத் தெரிவது வேறு. இன்னொருவர் கொடுத்த அரியணையில் உட்கார்ந்தவருக்கு, இது என்னுடையது என்று கல்லில் எழுதிக் காட்ட வேண்டிய தேவை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும்.

அதே நேரத்தில் பிரபுக்களின் பலத்தை நறுக்கத் தொடங்கினார். இருவர் இருந்த அதிகார் பதவிக்கு மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தார். ஒரு திசாவையின் மாகாணத்தை இரண்டாகப் பிரித்தார். காகிதத்தில் பார்த்தால் புத்திசாலித்தனமான நடவடிக்கைகள். வலிமையான எந்த மன்னனும் செய்வதுதான். ஆனால் பிரபுக்களை நறுக்குபவருக்கு வேறொரு தாங்குதூண் வேண்டும். கீர்த்தி ஸ்ரீக்குச் சங்கம் இருந்தது. இவருக்கு யார்? தெருக்கோடியில் வாழ்ந்த நாயக்க உறவினர்களைத்தான் அருகில் இழுத்துக்கொண்டார். பிரபுக்கள் கண்ணில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பிலிமத்தலாவை கடைசியாக ஒரு காய் நகர்த்தினார். கீர்த்தி ஸ்ரீயின் வழியில், முறைப்படி மணக்காத மனைவி மூலம் வந்த பேத்தி ஒருத்தியைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். அரச ரத்தமும் அதிகார் வீடும் ஒன்றுசேர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று மன்னனுக்கு விளக்க ஆள் தேவையில்லை. பதவி பறிபோனது. மன்னனைத் தூக்கத்தில் கொல்ல அரண்மனைக் காவலர்களை வளைக்க நடந்த முயற்சி வெளிப்பட்டு, 1811இல் பிலிமத்தலாவையின் தலை உருண்டது. பதின்மூன்று ஆண்டுகள் தாங்கிக்கொண்ட பிறகு வந்த தண்டனை இது. இதுவரைக்கும் மன்னன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன்.

ஆனால் அடுத்த முதல் அதிகாராக அவர் நியமித்தது யாரை? பிலிமத்தலாவையின் சகோதரி மகனான எகலப்பொலையை. மாமனைக் கொன்ற கையோடு மருமகனிடம் அதே பதவி. ஆள் தேர்வில் அவருக்குப் பயிற்சியே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வேறு குடும்பங்களை வளர்த்து எடுக்கவோ, இருக்கும் குடும்பங்களில் ஒன்றையாவது மனதார நண்பனாக்கவோ அவருக்குத் தெரியவில்லை. பதவியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த நாளிலிருந்தே சந்தேகித்தார்.

அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட ஒருவர் கொழும்பில் இருந்தார். ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி. பிக்கு ஒருவரிடம் சிங்களம் படித்து, அதில் நுணுக்கமாக எழுதப் பேசத் தேர்ந்தவர். வணிகர், பிக்கு, வழிப்போக்கர் என்று பல வேடங்களில் கண்டிக்குள் போய்வரும் ஒற்றர் வலை அவருடையது. எந்தத் திசாவைக்கு என்ன மனக்குறை என்று அவர் நாட்குறிப்பில் நாள்தோறும் பதிவானது. 1812இல் ஆளுநராக வந்த பிரவுன்றிக் இந்தத் தகவல்களைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. தன் பிரபுக்களில் யார் தன்னை வெறுக்கிறார்கள் என்பதில் கண்டி மன்னனுக்கு இருந்த தெளிவைவிடக் கொழும்பு ஆளுநருக்கு இருந்த தெளிவு கூடுதல்.

1814இல் தன் மாகாணமான சபரகமுவைக்குப் போன எகலப்பொலை அழைப்பாணைக்குக் கீழ்ப்படியாமல் கலகம் செய்து, தோற்று, பிரித்தானியரிடம் ஓடினார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் இருந்தார்கள். மாகாணத் தலைவர்களின் குடும்பம் தலைநகரில் பிணையாக இருப்பது பழைய வழக்கம். அந்த மே மாதம் பிள்ளைகளின் தலைகள் ஊர் பார்க்க வெட்டப்பட்டன. அண்ணன் தயங்கியபோது தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்கிறது மரபு. தாயை உரலில் பிள்ளைகளின் தலையை இடிக்க வைத்தார்கள் என்று அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயர் எழுதினார்கள். பிறகு அவளும் ஏரியில் மூழ்கடிக்கப்பட்டாள். ராஜத்துரோகியின் குடும்பத்தை அழிப்பது கண்டிச் சட்டத்துக்குப் புதிதல்ல. பெண்களையும் குழந்தைகளையும் இப்படிக் கொல்வது அந்த ஊருக்கே புதிது. அன்று கண்டியில் அடுப்பு எரியவில்லை என்பார்கள். மூத்த பிக்கு ஒருவரும் அந்த ஆண்டில் கொல்லப்பட்டார். சங்கத்தின் மேல் கைவைக்கக் கூடாது என்று கீர்த்தி ஸ்ரீ அறிந்து வைத்திருந்த எல்லையும் தாண்டப்பட்டது.

இந்த விவரங்களில் பெரும்பகுதியை நமக்குத் தந்தவர்கள் அவரை இறக்கியவர்கள், அல்லது அவர்களுக்கு வேலை செய்தவர்கள். போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களின் கையெழுத்தில் ஒரு மன்னனின் கொடுமைகள் சிறிதாகத் தெரியப்போவதில்லை. உரல் கதையை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். ஆனால் கொலைகள் நடந்தன என்பதில் சந்தேகமில்லை.

மன்னனே சொன்னதாக ஒரு கூற்று இருக்கிறது. சிறைப்பட்ட பிறகு ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் அவர் பேசியதன் சாரம் இது: உங்கள் ஆளுநர்களுக்கு ஒரு நன்மை உண்டு, கோபத்தில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஆலோசகர்கள் அருகில் இருக்கிறார்கள், எங்களுக்கோ கோபம் ஆறுவதற்குள் குற்றவாளி செத்துவிடுகிறான். தன் தோல்வியை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன மன்னர்கள் குறைவு. கண்டியில் ஆலோசகர்கள் இல்லாமல் இல்லை. கையைப் பிடித்துத் தடுக்கும் உரிமையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அப்படி ஓர் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்ட முதல் மனிதர் பிலிமத்தலாவை. அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்த்தவருக்கு இரண்டாவது ஆளை அருகில் விட மனம் வரவில்லை.

முடிவு வேகமாக வந்தது. 1814 இறுதியில் கொழும்புப் பக்கத்து வணிகர்கள் பத்துப் பேர் ஒற்றர்கள் என்று பிடிக்கப்பட்டு அங்கம் வெட்டப்பட்டார்கள். ஏழு பேர் செத்தார்கள். மீதிப்பேர் அறுபட்ட உறுப்புகள் கழுத்தில் தொங்க எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். பிரவுன்றிக் காத்திருந்த காரணம் கிடைத்தது. 1815 ஜனவரியில் படை ஏறியது. மழைக்காலம் அல்ல, 1803இன் தவறுகளைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். எகலப்பொலைக்குப் பின் முதல் அதிகாரான மொல்லிகொடை, தன் குடும்பம் பாதுகாப்பாக வெளியேறியதும் எதிரிப் பக்கம் சேர்ந்தார். பெப்ரவரி நடுவில் கண்டி விழுந்தது, கிட்டத்தட்டச் சண்டையே இல்லாமல். பழைய பாடத்தை நம்பி மன்னன் இந்த முறையும் மலைக்குள் ஒதுங்கினார். காடு அங்கேதான் இருந்தது. காட்டை அவருக்காகக் காக்க ஆளில்லை. பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பக்கத்தில் ஒரு வீட்டில் அவரைப் பிடித்தவர்கள் எகலப்பொலையின் ஆட்கள். கொடியால் கட்டி, அரசியரின் காதணியைக்கூடப் பிடுங்கினார்கள் என்கின்றன பதிவுகள். அடுத்த ஆண்டு ஜனவரியில் கப்பலேற்றிச் சென்னைக்கும் அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். திப்புவின் பிள்ளைகளைப் பத்தாண்டுகளுக்கு முன்வரை அடைத்து வைத்திருந்த அதே கோட்டை.

மன்னனின் பகை பிரபுக்களோடுதான் முற்றியிருந்தது, குடிகளோடு அந்த அளவுக்கு இல்லை. இதற்குச் சான்று 1817இலேயே கிடைத்தது. ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, அதற்குத் தலைமை தாங்க வந்த வில்பாவே என்ற முன்னாள் பிக்கு தன்னைத் துரைசாமி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். நாயக்க அரச குடும்பத்துப் பிள்ளை என்ற பொய்ப்பெயர். மலபார் குலத்தின் உரிமை ஒழிந்தது என்று பிரபுக்கள் கையெழுத்திட்டு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. சிங்களக் கிராமங்களை எழுப்ப ஒரு நாயக்கப் பெயரே தேவைப்பட்டது, அதை நம்பி மக்களும் வந்தார்கள். அடக்க அனுப்பப்பட்ட திசாவை கெப்பட்டிபொலையே அவர்களோடு சேர்ந்துகொண்டார். எகலப்பொலையின் மைத்துனர் அவர்.

கிளர்ச்சி 1818இல் நசுக்கப்பட்டது. அந்த நவம்பர் 21ஆம் நாள் வந்த பிரகடனம், மன்னன் நறுக்கத் துணிந்த பிரபுக்களின் அதிகாரங்களை அவர் நினைத்தும் பார்த்திராத அளவுக்கு வெட்டி, வெள்ளை முகவர்களின் கீழ் வைத்தது. அரியணை தனக்குக் கிடைக்கும் என்று நம்பிய எகலப்பொலை சந்தேகத்தின் பேரில் காவலில் வைக்கப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். கண்ணுசாமி வேலூரில் இன்னும் மூன்றாண்டுகள் உயிரோடு இருந்து, 1832 ஜனவரி 30 அன்று காலமானார்.